பின்னறைச் சுவரின் ஈரம்

ஜூன் 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுக்குக் குடிவந்தோம். நானும் என் மாமியாரும் இரண்டே பேர். என் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. சாவி கொடுக்க வந்த தங்கள் மருமகன், "மாமாவுக்குக் காது கேக்காது. போன்ல பேசினா பாதிதான் புரியும், மீதியை அவரா கட்டிக்குவார். எதுவா இருந்தாலும் கடிதம் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் பதினொரு பக்கங்களும் நாற்பத்தொரு புகைப்படங்களும் வைத்திருக்கிறேன். நாங்கள் உள்ளே நுழைந்த நாளில் வீடு எந்த நிலையில் இருந்தது என்பதன் பதிவு இது. ஒவ்வோர் அறையிலும் வாசற்படியில் நின்று, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் பார்த்து எழுதியிருக்கிறேன். மொத்தம் அறுபத்து மூன்று பதிவுகள். மாதிரிக்கு இரண்டு: "எண் 9. கூடம். தெரு ஜன்னல், வலது கதவு, கீழ்க் கண்ணாடியில் முடி அளவு கீறல், நீளம் நான்கு விரல்." "எண் 38. பின்னறை. இடது சுவர், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஈரத் தடம், ஒரு சாண் அகலம், ஓரம் மஞ்சள். தட்டினால் பொத்தென்று சத்தம்."

இதை ஏன் செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்பு இருந்த வீட்டில் ஒரு ஜன்னல் சட்டம் உளுத்துப் போயிருந்தது. நாங்கள் போகும்போதே அப்படித்தான் இருந்தது. காலி செய்யும்போது நாங்கள்தான் கெடுத்தோம் என்றார்கள். இல்லையென்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. "வீட்டைப் பாழாக்குகிறவர்கள்" என்ற பேச்சு தரகர்களிடம் பரவி, ஏழு மாதம் எங்களுக்கு யாரும் வீடு தரவில்லை. என் அண்ணன் வீட்டில் சாமான்களோடு சாமான்களாகக் கிடந்தோம்.

இரண்டு பிரதிகள் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, ஒன்றைத் திருப்பி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டில் குடியிருப்பவள்


ஜூன் 10

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

கடிதமும் கட்டும் கிடைத்தன. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து என் மகள் பயந்துவிட்டாள்.

அறுபத்து மூன்று குறை. என் கல்யாணத்தின்போது என் மாமனார்கூட என்னிடம் இத்தனை குறை கண்டுபிடிக்கவில்லை. அந்த வீட்டில் நான் முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தேன். அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கடைசிக் கோட் வெள்ளை வரைக்கும் கூலியாளோடு கூலியாளாக நின்று கட்டியது. மகளோடு இருக்கலாம் என்று மூன்று வருஷத்துக்கு முன் இங்கே வந்தோம். வீட்டைப் பூட்டி வைக்க மனசில்லாமல் வாடகைக்கு விட்டோம். விட்ட பிறகு, நான்கு விரல் நீளக் கீறல் என்று ஒருவர் விரலை வைத்து அளந்து எழுதுகிறார்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் என் மருமகனுக்குப் போன் செய்திருக்கிறார். வந்தவர்கள் சுவரெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டி வைத்திருக்கிறார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏதோ பூசை போடுவது போல இருக்கிறது என்றாராம். அது என்ன அம்பு? சுவரில் ஒட்டியதைப் பிய்த்தால் வெள்ளை உரிந்து வரும். அதையும் ஒரு எண் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டாம் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பின்னறைச் சுவர் உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர், அவர் மனைவி, ஒரு கைக்குழந்தை. குழந்தையை அறையிலேயே வைத்துக் குளிப்பாட்டிச் சுவரை ஊற வைத்துவிட்டார்கள். மார்ச்சில் நான் வந்து நேரில் பார்த்தேன். காலி செய்யச் சொல்லிவிட்டேன். அந்தச் சுவருக்குள் குழாய் எதுவும் கிடையாது. நான் கொதிகலன் நிலையத்தில் குழாய் வேலை பார்த்தவன். முப்பத்தைந்து வருஷம். எந்தச் சுவரில் என்ன ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நான் எதிலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

வீட்டுச் சொந்தக்காரன்


ஜூன் 15

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கோபம் நியாயம். நான் முதலிலேயே என் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் நான். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்து, குறை இருக்கும் இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டுவோம். பதினான்கு வருடமாக இதே வேலை. அந்த அம்பு துணியில் பசை விடாது, சுவரிலும் விடாது. புகைப்படம் எடுத்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், வெள்ளை அப்படியே இருக்கிறது. தையல்காரரிடமும் சொன்னேன். அவருக்கும் தொழில் துணிதானே, அம்பு ஒட்டிய அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. குறை எங்கே, எவ்வளவு, எப்படி என்று எழுதுவோம். யார் செய்தது என்று எழுத மாட்டோம். அது வேறு ஆளின் வேலை. சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால் தைத்தவள் கைதான் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்தில் நான்கு தடவை அது இயந்திரத்தில் ஒழுகியதாக இருக்கும். எனவே தங்கள் வீட்டைக் குறை சொல்லி நான் எழுதவில்லை ஐயா. இருப்பதை எழுதினேன்.

அது மட்டுமில்லை. தாங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. குறை எழுதும் அளவுக்கு நன்றாக இருப்பதையும் எழுத வேண்டும் என்பது என் பழக்கம். அது பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.

முப்பத்தெட்டைப் பற்றி ஒன்று கேட்கலாமா? அவர்கள் போனது மார்ச் கடைசி. நாங்கள் வந்தது மே கடைசி. நடுவே இரண்டு மாதம் வீடு பூட்டியிருந்தது, மழையும் இல்லை. குளிப்பாட்டிய தண்ணீராக இருந்தால் இதற்குள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. நாங்கள் வந்த பிறகு அந்த அறையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லை. ஆனால் தடம் ஒரு சாணாக இருந்தது, இப்போது ஒரு சாணும் இரண்டு விரலும்.

தாங்கள் அனுபவசாலி. இது என்னவாக இருக்கும்?

இப்படிக்கு,
குடியிருப்பவள்


ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

பதினோராம் பக்கத்தை நான் பார்க்கவில்லை. பத்தாம் பக்கம் வருவதற்குள் கோபம் தலைக்கேறிக் கட்டி வைத்துவிட்டேன். உங்கள் இரண்டாவது கடிதம் வந்ததும் என் மனைவி கட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்தாள். அவள் படித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு காகிதத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"மாடிப்படி: பதினாறு படிகள். எல்லாம் ஒரே உயரம். அளந்ததில் அதிகபட்ச வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். ஆறு கதவுகள்: எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கின்றன, தானாக மூடுவதும் இல்லை திறப்பதும் இல்லை. கட்டியவர் அவசரப்படாதவர்."

அந்தப் படிகளை நான் என் கையால் போட்டேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை, ஆறு மாதம் பிடித்தது. மேஸ்திரி, "இதுக்கு இவ்ளோ மெனக்கெடணுமா, யார் அளந்து பாக்கப் போறா" என்று கேட்டார். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒருத்தி அளந்து பார்த்திருக்கிறாள் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அவர் இப்போது இல்லை.

என் மனைவி உங்களுக்கு அம்புக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் காபி கொடுக்கும்போது, "அம்புக்காரி கடிதம் வந்துதா?" என்று உதட்டை அசைத்துக் காட்டுகிறாள்.

கையெழுத்துப் போட்ட பிரதி இத்துடன் இருக்கிறது. அறுபத்திரண்டு எண்ணுக்கும் சம்மதம். முப்பத்தெட்டை மட்டும் அடித்துவிட்டேன். அந்தச் சுவரில் குழாய் இல்லை. காய்வதற்கு நேரம் எடுக்கும் சுவர்களும் உண்டு. உள்ளே ஊறிய தண்ணீர் வெயிலுக்குத் தகுந்தபடி இப்படியும் அப்படியும் நகரும். அவர்கள் செய்ததுதான். எனக்குத் தெரியும்.

வேறு ஏதாவது தேவைப்பட்டால் எழுதுங்கள்.

வீட்டுக்காரர்


ஜூலை 9

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கடிதத்தைத் தாங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் என் மாமியார் பின்னறை விளக்கைப் போடப் போய் அலறிக்கொண்டு கையை உதறினார். அவர் படுப்பது அந்த அறையில்தான். சுவிட்சுப் பலகை அதே சுவரில், ஈரத்துக்கு ஒன்றரை அடி மேலே இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு மின்காரரைக் கூப்பிட்டேன். அவர் பலகையைக் கழற்றிப் பார்த்தார், பெட்டிக்குள் தண்ணீர் வியர்த்திருந்தது. அந்த அறைக்குப் போகும் கம்பியைத் துண்டித்து வைத்திருக்கிறார். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடத்தில் படுக்கை போட்டிருக்கிறேன். "அத்தனை அம்பு ஒட்டினியே, என்னைக் கடிச்ச இடத்துல ஒண்ணு ஒட்டலையே" என்று என்னைத்தான் திட்டுகிறார்.

அன்றிலிருந்து நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஈரத்தின் ஓரத்தைக் காலையும் மாலையும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மூன்று குழாய்கள் இறங்குகின்றன. ஒன்று சமையலறைக்கு, ஒன்று குளியலறைக்கு. மூன்றாவது எங்கே போகிறது என்று தெரியவில்லை. அதன் திருகு மேல் பல தடவை பெயிண்ட் அடித்திருக்கிறது, துருப்பிடித்து அசையவே இல்லை. முதல் இரண்டையும் ஒரு நாள் முழுக்க மூடி வைத்தேன். ஈரம் கோட்டைத் தாண்டி நகர்ந்தது. அடுத்து விடுமுறை நாளாகப் பார்த்துத் தொட்டியையே காலி செய்தேன். இரண்டு நாள் தெருக்குழாயில் குடத்தில் பிடித்துப் புழங்கினோம். ஈரம் அதே கோட்டில் நின்றது. மறுபடி தொட்டியை நிரப்பினேன். மறுநாள் காலைக்குள் ஒரு விரல் தாண்டிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். பின்னறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் இடது மூலைக்கு உருளுகிறது. மற்ற அறைத் தரையெல்லாம் மட்டமாக இருக்கும்போது இந்த அறைக்கு மட்டும் சரிவு. வெளிச்சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் ஒரு வட்டத்தை அடைத்த தடம் இருக்கிறது, புகை போவதற்கு விட்டது போல. அறையைக் கழுவிவிட்டால் தண்ணீர் போக ஒரு மூலை, புகை போக ஓர் ஓட்டை.

ஐயா, இந்த அறை ஒரு காலத்தில் சமையலறையாக இருந்ததா?

நான் யாரையும் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு, எப்படி என்பது மட்டும்தான். வேறு ஆளை வைத்துச் சுவரை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டியவருக்குத் தெரியாமல் அதில் உளி வைக்கக் கூடாது என்று தோன்றுகிறது. தாங்கள் என்ன சொல்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பவள்


ஜூலை 13

அம்மா,

உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் உங்கள் மாமியாரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். நானும் நேரில் வந்து கேட்கிறேன்.

அது சமையலறைதான். வீடு கட்டின புதிதில் அங்கேதான் சமைத்தோம். மகள் பெரியவளாகித் தனி அறை கேட்டபோது பக்கவாட்டில் புதுச் சமையலறை எடுத்தேன். பத்தொன்பது வருஷம் இருக்கும். பழைய குழாயை அடைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. பித்தளை மூடி மறுநாள் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு மரக்கட்டையைச் சீவி, குழாய் வாயில் அடித்து, மேலே சிமெண்டு பூசினேன். மறுநாள் வேலைக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். பிறகு அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், மகளின் கட்டில் வந்தது, நான் மறந்துவிட்டேன். அப்படி ஒரு குழாய் இருந்ததே எனக்கு நினைவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊரார் குழாய்க்கெல்லாம் பதில் சொன்னவன், என் வீட்டுச் சுவருக்குள் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு உங்களுக்குத் திமிராகக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. என் மனைவியிடம்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

மார்ச்சில் நான் வந்தபோது ஓட்டுநர் பள்ளிக்காரர் வீட்டில் இல்லை. அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சுவரைக் காட்டிக் கத்தினேன். காது கேட்காதவனுக்குத் தான் எவ்வளவு கத்துகிறோம் என்பது தெரியாது, தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அந்தப் பெண் பதில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குக் காது போனது கொதிகலன் சத்தத்தில். நாற்பது வயதிலிருந்து நான் எல்லோர் உதட்டையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அவள் சொன்னது புரிந்திருக்கும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் அவர்கள் காலி செய்துவிட்டார்கள். தரகர் ஏன் என்று கேட்டார், நானும் சொன்னேன். உங்களைப் பற்றி உங்கள் பழைய வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ அதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன்.

கடிதத்துக்கு முன்னால் அப்படித் திரும்பிக்கொள்ள முடியவில்லை அம்மா. மடித்து வைத்தாலும் உள்ளே எழுதியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வண்டிக்கு வருகிறேன். ஆயுதப் பெட்டியை எடுத்து எண்ணெய் போட்டுவிட்டேன். அதுவரைக்கும் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டாம்.

வீட்டுக்காரர்


ஜூலை 24

அன்புள்ள ஐயா,

தாங்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டீர்கள். திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகும்போது மொட்டை மாடியில் தாங்கள் தொட்டியைப் பார்க்கும் சத்தம் கேட்டது, மாலையில் வந்து பார்த்தால் பெட்டியும் இல்லை, தாங்களும் இல்லை. பின்னறை பெருக்கித் துடைத்திருந்தது. அத்தை சொன்னது: "நான் பெத்தவன்கூட ஒரு வேலை செஞ்சா இப்படிச் சுத்தமா வச்சுட்டுப் போனதில்ல." அவர் வாயிலிருந்து யாருக்கும் இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். இந்த மூன்று நாளும் தாங்கள் வேலை செய்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரை உடைக்கும் முன், ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சுவரில் வைத்து, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓரோர் அங்குலமாக நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க ஓடுது" என்றீர்கள். காதில் கேட்காத தண்ணீர் பல்லில் கேட்கிறது என்று பிறகு விளக்கினீர்கள். உடைத்ததும் சரியாக அங்கேயே இருந்தது. என் தொழிலில் கண் கூர்மையானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

அந்த மரக்கட்டை வெளியே வந்தபோது தாங்கள் அதைச் செய்தித்தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். தொட்டால் உதிரும் அளவுக்கு ஊறிப் போயிருந்தது. படம் எடுக்கச் சொன்னீர்கள். நான் தயங்கினேன். "எடும்மா. இதுவும் வீட்டோட நிலைதான்" என்றீர்கள். எடுத்தேன். எண் 38-ன் கீழே வைத்திருக்கிறேன்.

பித்தளை மூடி போட்டு, சிமெண்டு பூசி, ஈரம் உலர்வதற்கு மேலே விரல் நுழையும் அளவு ஓர் இடைவெளி விட்டீர்கள். பூச்சை என் வேலைப் பழக்கத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அம்பு ஒட்ட ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தாங்கள் போன பிறகும் பார்த்தேன், பகல் வெளிச்சத்தில். கிடைக்கவில்லை. ஈரத்தின் ஓரம் ஐந்து நாளாகப் பென்சில் கோட்டிலேயே நிற்கிறது, இன்று உள்பக்கமாகச் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. மின்காரர் புதுப் பெட்டி வைத்துக் கம்பி இணைத்துவிட்டார்.

அடித்திருந்த முப்பத்தெட்டின் மேல் மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில், "காரணம்: நான்" என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் எழுதும் கட்டம் என் பதிவில் இல்லை. ஆனாலும் அதை நான் அழிக்கப் போவதில்லை.

முப்பத்தெட்டாம் எண் இருக்கும் ஏழாம் பக்கத்தில் தொட்டியைக் காலி செய்து பார்த்ததையும் எழுதிச் சேர்த்து, பிரதி எடுத்து வைத்திருந்தேன்; கோப்பில் அந்தப் பிரதியைக் காணவில்லை. தாங்கள் கொண்டுபோயிருப்பீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அத்தை கேட்கிறார். ஓட்டுநர் பள்ளி எங்கே இருக்கிறது என்று தாங்கள் தையல்காரரிடம் விசாரித்ததாகத் தெரு முழுக்கச் செய்தி.

அன்புடன்,
அம்புக்காரி


ஆகஸ்ட் 2

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி கையோடு கொண்டுவந்தாள். மூன்று நாளில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் இரண்டு வாரமாகியும் வராததால் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் இருவரும் இப்போது உங்களிடமிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் இருக்கிறோம். மேசை ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. ஒரு மைதானம், பழைய டயர்களை நட்டு வைத்த வளைவுகள், ஓரத்தில் தகரக் கூரை போட்ட அலுவலகம். நான் போனபோது அவர் ஒரு பெண்ணுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காதது போல மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். நிற்கட்டும் என்று அவர் நினைத்தது சரிதான்.

அலுவலகத்தில் அவர் மனைவி படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை இப்போது நடக்கிறது. நான் ஏழாம் பக்கத்தை மேசையில் வைத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். உங்கள் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே படித்தாள். தொட்டியைக் காலி செய்த வரியில் கொஞ்சம் நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். இந்தத் தடவை நான் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதை எதுக்கு எங்கிட்ட காட்டறீங்க?"

"சுவரை நீங்க கெடுக்கல. அன்னைக்கு நீங்க சொன்னதை நான் கேக்கல."

"காது கேக்கலையா, நீங்க கேக்கலையா?"

"நான்தான் கேக்கல. திரும்பிக்கிட்டேன்."

அவள் அழவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. வீட்டைக் காலி செய்ததிலிருந்து இந்தத் தகரக் கூரைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் மூன்று பேரும் இருக்கிறார்களாம். இரண்டு வீடு பேசி முடிந்து, கடைசி நேரத்தில் தரகர் வாயால் கலைந்திருக்கிறது. அந்தப் பேச்சு எங்கிருந்து புறப்பட்டது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன் வைத்து, "எழுதிக் கொடுங்க" என்றாள். நடந்ததை எல்லாம் எழுதி, ஒவ்வொரு வரியிலும் கையெழுத்துப் போட்டேன். ஒரு கையெழுத்து போதும் என்றாள். எனக்குப் போதவில்லை.

காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு வரக் கால் வரவில்லை. தரகரிடம் நானே போனேன். பிறகு அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும். முதல் ஆள் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது ஆள், நீங்கள் யார், எதற்கு இவர்களுக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நான் இவர்களைத் தப்பாகச் சொல்லித் துரத்தியவன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுக்க யாரும் இப்படி வந்ததில்லை என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார். இரண்டு அறை, ஒரு கூடம், பின்பக்கம் குழந்தை விளையாட இடம். நேற்று சாவி வாங்கினார்கள்.

நாங்கள் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஓட்டுநர் பள்ளிக்காரர் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினார். அதுவரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், கதவைத் திறந்துவிட்டு, சைகையில் ஏறச் சொன்னார். அவர் மனைவி அனுப்பினாளாம். சாமான் ஏற்றுவதற்கு முன்னால் வீட்டை எழுதிவிட வேண்டும், எழுதத் தெரிந்தவர் வர வேண்டும் என்றாளாம். எனக்கு எழுத என்ன தெரியும்? உங்கள் ஏழாம் பக்கம் ஒன்றுதான் தெரியும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

புது வீட்டின் வாசற்படியில் நின்று, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. அவர் டார்ச் பிடித்தார். என் மனைவி அளவு நாடாவின் ஒரு நுனியில், அந்தப் பெண் மறு நுனியில். அவள் பார்த்துச் சொல்வாள், நான் எழுதுவேன். ஒவ்வொன்றையும் சொல்வதற்கு முன் என் பக்கம் திரும்பி, நான் அவள் உதட்டைப் பார்க்கிறேனா என்று உறுதிப்படுத்திக்கொண்டு சொன்னாள். ஜன்னல் கொண்டி தளர்ச்சி. குளியலறைத் தரையில் ஒரு கல் விரிசல், மேல் மூலை. கூரையில் பழைய கொக்கியின் துளை இரண்டு. எண் இருபத்தொன்று வரைக்கும் வந்துவிட்டோம்.

பின்னறைக்கு வந்தாள். இடது சுவரின் முன்னால் நின்றாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். குனிந்து தரைவரைக்கும் பார்த்தாள், விரலால் தட்டினாள், கையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு என்னை நோக்கித் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இந்தச் சுவத்துல ஒண்ணுமில்ல. அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

அன்புடன்,
வீட்டுக்காரர்